மூடிக்குள் பேர்

கோயமுத்தூர் கணபதியில் எஸ்தர் நடத்தும் கார் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வண்டியின் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரத்தையும், இன்ஜின் இழுப்பை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் யார் தேர்ந்தெடுக்கிறாரோ, அவர் ஆக்ஸில் மூடியின் உட்பக்கத்தில் தன் பேரைக் கொத்த வேண்டும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கொத்த வேண்டும். அப்புறம் மூடியை மாட்டி ஆயில் ஊற்றிவிடுவார்கள். ஒருத்தர் கண்ணிலும் படாது.

சென்னியப்பன் அங்கே சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது, எஸ்தருக்கு முப்பத்தாறு. இருபத்தைந்து வருஷம் லாரி கியர் பாக்ஸ் பிரித்த கை அவருடையது. ஆட்டோமேட்டிக்தான் புதுசு.

ஒன்றரை வருஷம் கழித்து முதல் வண்டி அவர் பொறுப்புக்கு வந்தது. பல் டாக்டர் ஹேமலதாவின் பழைய ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார். தினமும் கிளினிக் போவதும் அதில்தான், வரும் ஞாயிற்றுக்கிழமை கால் மைல் பந்தயம் ஓடப்போவதும் அதில்தான். இது சொதப்பினால் லாரி ஷெட்டுக்கே திரும்பிவிடுவது என்று மனுஷன் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"எதைப் போடட்டுங்க அம்மணி?"

"அலமாரி தொறந்துதான் இருக்குதுங்ணா."

இருப்பதிலேயே வேகமாகக் கிளப்பும் பல்லை எடுத்தார். இன்ஜின் நன்றாகச் சுற்றி ஏறிய பிறகே வண்டியை இழுக்கும் கன்வெர்ட்டரை எடுத்தார். பேரைக் கொத்தினார், கொஞ்சம் பெரிசாகவே. காலி ரோட்டில் வண்டி பாய்ந்த பாய்ச்சலில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படிங்க?"

"நல்லா பாயுது. இதுலயே காந்திபுரம் போயி டீ வாங்கிட்டு வந்துருங்ணா."

சாயங்கால நெரிசல். ஒன்றரை மணி நேரம் கழித்து முகம் தொங்கிப் போய் வந்தார். வழியெல்லாம் இன்ஜின் கத்தியிருக்கிறது, வண்டி நகர்ந்தால்தானே. கியர் பாக்ஸ் ஆயில் கருகி நாறியது.

"டீ ஆறிப்போச்சுங்க அம்மணி."

"ஆயில் ஆறலை போல இருக்குதே."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மூடியைக் கழற்றினார். தன் பேரைப் பார்த்ததும் எஸ்தரிடம் கையை நீட்டினார்.

"அரத்தைக் குடுங்க. இதை ராவிப்போட்டுட்டு நான் லாரி ஷெட்டுக்கே போயிக்கறேன்."

எஸ்தர் அரத்தை எடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய மூடியை இறக்கி அவர் கையில் கொடுத்தார். சென்னியப்பன் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பேரு அஞ்சு தடவை இருக்குதுங்களே."

"என்னோட முதல் வண்டிங்ணா. அஞ்சாவதுதான் ஓடுச்சு."

சென்னியப்பன் அந்த மூடியைத் திரும்பச் சுவரில் மாட்டினார். அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, தெனமும் எந்த வழியா கிளினிக் போறீங்க?"

அந்தம்மா சிக்னல் சிக்னலாகப் புலம்பித் தீர்த்தார். சென்னியப்பன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வண்டியை எடை போட்டார், டயர் உயரத்தை அளந்தார், இன்ஜின் எந்தச் சுற்றில் நன்றாக இழுக்கிறது என்று பார்த்தார். பிறகுதான் அலமாரியைத் திறந்தார். நடுவாந்தரமான பல், அதற்குத் தோதான கன்வெர்ட்டர். பழைய பேருக்குக் கீழே மறுபடி பேரைக் கொத்தினார், இந்தத் தடவை சின்னதாக.

வெள்ளியும் சனியும் டாக்டர் அதிலேயே கிளினிக் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் அதையே ஓட்டி வந்தார். அரை வண்டி நீளத்தில் ஜெயித்தார்.

தோற்ற வண்டியின் மெக்கானிக் எஸ்தரிடம் வந்தார். சென்னியப்பன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"செட்டிங் யாருதுங்க?"

"எங்க சென்னியப்பண்ணனோடது."

"முதல் தடவையே இப்படி அமைஞ்சிருச்சுங்களா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டாவது தடவைங்க," என்றார் எஸ்தர். "எனக்கு அஞ்சு ஆச்சு."