ஏரி வெட்டிய தாத்தா

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நீள்கரை நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அந்த நாட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு ஏரி. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் மேயும் மாடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு பெரிய ஏரி. மேற்கு மலைக்கு அப்பாலிருந்து பேரரசர் மகாகீர்த்தி படையோடு வந்தார், நாட்டைப் பிடித்தார், ஏரிக்கரையிலேயே மாளிகை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏரிக்காற்று அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதாம். ஊர்க்காரர்களுக்கு அவர் ஒத்துக்கொண்டாரா என்று யாரும் கேட்கவில்லை.

நாடு கைக்கு வந்த பிறகு பேரரசருக்கு நாட்டின் வரலாறும் வேண்டும் என்று ஆசை வந்தது. அரசவைப் புலவர் விருத்தகிரி உடனே ஏட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த விருத்தகிரி நீள்கரையில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் பேரரசர் வந்த மறு வாரமே தலைப்பாகையை மேற்கத்திப் பாணியில் கட்டப் பழகிக்கொண்டவர். அவர் எழுதிய வரலாறு இப்படிப் போயிற்று: ஆதியில் இங்கே வெறும் முள்காடு. பேரரசரின் தாத்தா விசுவகீர்த்தி தன்னந்தனியாக வந்து, தம் கையாலேயே ஏரியை வெட்டினார். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் வந்து குடியேறினார்கள். உண்மையில் தாத்தா ஒரு நாளும் மலையைத் தாண்டியதில்லை, அவருக்கு வாழ்நாள் முழுக்க முழங்கால் வலி. இது பேரரசருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்கக் கேட்க இனித்தது.

இதற்கு ஒரே ஓர் இடைஞ்சல் காத்தாயி. ஆண்டுதோறும் கோடையில் ஏரி வற்றியதும் ஊர் மொத்தமும் தூர் வாரக் கரையில் கூடும். வேலை தொடங்கும் முன் காத்தாயி மதகின்மேல் ஏறி நின்று, முதன்முதலில் ஏரியை வெட்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். அவளுக்கு முன் அவள் அம்மா கூப்பிட்டாள். அந்தக் கோடையில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது விருத்தகிரியின் காதில் விழுந்தது. உடனே ஓடிப்போய் அரசரிடம் சொன்னார். “ஏரியை வெட்டியவர்கள் என்று யார் யார் பெயரையோ சொல்கிறாள், பிரபு. தங்கள் பாட்டனார் பெயரைக் காணவில்லை.” அரசர் அவளைச் சிறையில் போடச் சொன்னார். தூர் வாரும் நாளில், ஊர் பார்க்க, அவள் நாக்கை அறுப்பது என்று முடிவாயிற்று.

காத்தாயியின் தம்பிதான் அரசவை விகடகவி நல்லாண்டி. பேரரசரைத் தினமும் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. அவன் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் விருத்தகிரிக்கு வயிறு எரியும். அக்காவைப் பிடித்ததே தம்பியை ஒழிக்கத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம்புகிறேன்.

நல்லாண்டி சிறைக்குப் போனான்.

“அக்கா, பேசாம அந்தத் தாத்தா பேரையே சொல்லித் தொலைச்சிடேன். நாக்கு மிஞ்சும்.”

“சொல்றதுக்கு என்னடா, சொல்லிடலாம்” என்றாள் காத்தாயி. “கூப்பிட்டா யாரு வந்து நிப்பா?”

நல்லாண்டி சட்டென்று நிமிர்ந்தான். பிறகு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டான். காத்தாயிக்கு அதில் வருத்தம்தான்.

மறுநாள் சபையில் விருத்தகிரி எழுந்தார். “பிரபு, புதிய வரலாற்றை ஏரிக்கரையில் நல்லாண்டியே வாசிக்கட்டும். அவனுடைய விசுவாசத்தையும் நாம் பார்த்ததாக இருக்கும்.” மறுத்தால் துரோகி, வாசித்தால் ஊர் காறித் துப்பும். நன்றாக யோசித்து வைத்த கண்ணிதான்.

நல்லாண்டி கைகூப்பினான். “அடியேன் பாக்கியம். ஆனால் ஒரு விண்ணப்பம், பிரபு. வெறுமனே வாசித்தால் ஜனங்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். இந்த வரலாற்றுக்கு மாறாகச் சொல்லாலோ செயலாலோ நடப்பவர் யாராக இருந்தாலும் நாக்கு அறுக்கப்படும் என்று தாங்கள் கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளையை முதலில் வாசிக்கிறேன். என் அக்காவின் தண்டனை கடைசியில் நடக்கட்டும்.”

விருத்தகிரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டளையைத் தம் கையாலேயே எழுதினார். அரசர் முத்திரை வைத்தார்.

தூர் வாரும் நாள் வந்தது. ஊர் மொத்தமும் கூடையும் மண்வெட்டியுமாகக் கரையில் நின்றது. குடைநிழலில் பேரரசர் அமர்ந்திருந்தார். காவலர் நடுவே காத்தாயி கை கட்டப்பட்டு நின்றாள். நல்லாண்டி மதகின்மேல் ஏறிக் கட்டளையை வாசித்தான், வரலாற்றையும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தான். பிறகு அடித்தொண்டையில் கூப்பிட்டான்.

“ஏரி வெட்டிய விசுவகீர்த்தி!”

யாரும் அசையவில்லை. நல்லாண்டி மறுபடி கூப்பிட்டான். மேற்கே மழைமேகம் திரண்டுகொண்டிருந்தது. ஏரியிலிருந்து சேற்று வாடை வந்தது.

“ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்? வேலையைத் தொடங்கச் சொல்” என்றார் அரசர்.

நல்லாண்டி கீழே இறங்கி வந்தான். அவன் கையில் ஒரு வெள்ளித் தாம்பாளம். அதில் மஞ்சள் பூசிய புதுக் கூடையும், குங்குமம் வைத்த மண்வெட்டியும் இருந்தன. அதை அரசரின் காலடியில் வைத்தான்.

“தாங்கள் தொடங்கினால்தான் உண்டு, பிரபு. இந்த நாட்டில் ஏரி வெட்டியவர் பெயரைக் கூப்பிடுவது புகழ்வதற்கு அல்ல, வேலைக்கு அழைப்பதற்கு. அவர் வழி வந்தவர் ‘வந்துட்டேன்’ என்று சொல்லிச் சேற்றில் இறங்க வேண்டும். யார் பாட்டன் வெட்டினானோ அவன்தான் தூர் வார வேண்டும், அதுதான் வழக்கம். போன வருஷம்வரை நிறையப் பெயர்கள் இருந்தன. இப்போது இருப்பது ஒரே பெயர்.”

அரசரின் முகம் கறுத்தது. “ஜனங்களைப் பிடித்து இறக்குங்கள்.”

“இறக்கலாம், பிரபு. ஆனால் இறங்குகிறவன் ‘என் பாட்டனும் வெட்டினான்’ என்று செயலால் சொன்னவனாகிறான். கட்டளைப்படி அவன் நாக்கை அறுக்க வேண்டும். ஊரில் ஒருவருக்கும் நாக்கு இல்லையென்றால் தங்களை வாழ்த்துவது யார்?”

“நம் வீரர்கள் இறங்கட்டும்” என்று அவசரமாகச் சொன்னார் விருத்தகிரி.

“வீரர்கள் எல்லாரும் விசுவகீர்த்தியின் பேரப்பிள்ளைகளா என்று எனக்குத் தெரியாது, புலவரே. சபையில் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.”

அரசர் எழுந்து கரை ஓரம் வந்தார். காய்ந்தும் காயாமலும் கிடந்த அத்தனை பெரிய ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். “இவ்வளவையும் தாத்தா ஒருவரேவா வெட்டினார், விருத்தகிரி?” என்றார். விருத்தகிரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். “என் தாத்தா குளிக்கப் போவதற்கே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும்” என்றார் அரசர். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு தாம்பாளத்துக் கூடையைப் பார்த்துப் பார்த்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கட்டளையை வாங்கிக் கிழித்துப் போட்டார். காத்தாயியை அவிழ்த்துவிடச் சொன்னார்.

காத்தாயி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மதகின்மேல் ஏறினாள்.

“கருவேலன்!” என்று கூப்பிட்டாள். “வந்துட்டேன்” என்று ஒருவன் இறங்கினான். “பூவாயி!” என்றதும் அந்தக் குடும்பத்து மருமகள் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். நல்லாண்டியும் தன் பாட்டன் முறைக்கு இறங்கிவிட்டான். அடுத்து, “மாசாணம்!” என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. ஒரு பெயருக்கு ஆள் வராமல் அடுத்த பெயருக்குப் போகும் வழக்கமும் இல்லை. காத்தாயி மறுபடி கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“யார் அந்த மாசாணம்?” என்று கேட்டார் அரசர். ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. சேற்றில் நின்ற நல்லாண்டிகூட வாயைத் திறக்கவில்லை. விருத்தகிரி தம் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலைப்பாகையைக் கழற்றிக் கரையில் வைத்தார்.

“வந்துட்டேன்க்கா” என்றார்.

எனக்கு அந்த ஆளைச் சுத்தமாகப் பிடிக்காது. இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். இறங்கத் தெரியாமல் வழுக்கி விழப்போனவரை நல்லாண்டிதான் கைகொடுத்துப் பிடித்தான்.

பேரரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டியிடம் நீட்டினார். “கையெல்லாம் சேறு, பிரபு. அந்தக் கரை மரத்துக் கிளையில் மாட்டிவிடுங்கள், ஏறி வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்றான் அவன். அரசர் அதற்கும் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, காத்தாயியைக் கேட்டார். “அம்மா, என் பெயரும் இதில் என்றைக்காவது வருமா?”

காத்தாயி தாம்பாளத்தைக் காட்டினாள். “கூடை அங்கதான் இருக்குது, சாமி. எடுத்துட்டு எறங்குங்க. உங்க பேரன் காலத்துல கூப்பிடச் சொல்லி எம் பேத்திகிட்ட சொல்லிட்டுப் போறேன்.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் இறங்கவில்லை. அவருக்குப் பின் ஆண்டவர்களும் இறங்கவில்லை. அந்த ஏரி இன்றைக்கும் இருக்கிறது, கோடைதோறும் பெயர்களைக் கூப்பிடுகிறார்கள். அங்கே போய் மகாகீர்த்தி யார் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. மாசாணம் யார் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.