ஆயிரத்து முந்நூறுக்கு ஏழு குறைவு

முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு அப்பளம் நொறுங்கும், கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு என்னவோ என்று கோதண்டத்தின் பெரியப்பா சொல்வார்.

அந்த என்னவோ மட்டும் கோதண்டத்துக்கு மறந்துபோயிற்று.

"நான் கிளம்பறேம்மா," என்றார்.

செண்பகவல்லி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். உப்பளத்தை ஒட்டியிருந்த அந்த ஆசிரமத்துக்குக் குரு.

"ஏன்?"

ஒன்பது வருடக் குறையைக் கொட்டினார் கோதண்டம். வந்த நாளிலிருந்து உப்பளத்தின் மறுகோடியில் தண்ணீர்ப் பந்தல்தான் அவருக்கு வேலை. பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் அம்மாவின் பேச்சைக் கேட்கிறார்கள். அவருக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி. பன்னிரண்டு மணிப் பேருந்தில் ஊருக்குப் போகிறார், துணிப்பை தயார்.

"அங்கே நான் ஒருத்தன் இருக்கறது உங்களுக்கு ஞாபகமாவது இருக்கா?"

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள் என்று வாசலில் சூரியக் குடும்பம் தயாராகிக்கொண்டிருந்தது. படியில் இருந்த பித்தளைக் குடம் சூரியன். குடம் எவ்வளவு பெரிதோ, அதற்கேற்றபடி மற்றவற்றின் அளவும் தூரமும். நாற்பத்து மூன்றாம் தப்படியில் ஒரு கடுகு, அது பூமி. வியாழன் ஒரு நெல்லிக்காய். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மற்ற சீடர்கள் வைத்துவிட்டிருந்தார்கள்.

அம்மா ஒரு கொண்டைக்கடலையை அவர் கையில் வைத்தார்.

"நெப்டியூன். இதை வச்சிட்டுப் போங்க."

"எத்தனை தப்படி?"

"ஆயிரத்து முந்நூறுக்கு ஏழு குறைவு. நேர் கிழக்கே."

இதிலும் கடைசிதானா என்று முணுமுணுத்துக்கொண்டே, தலையைக் குனிந்தபடி எண்ணி நடந்தார். யுரேனஸ் வரைக்கும் ஆசிரமத்துப் பேச்சுச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் உப்புதான்.

பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்குதான் நெப்டியூனுக்கு என்று அம்மா ஒரு பௌர்ணமியில் சொல்லியிருந்தார். சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நூற்று அறுபத்தைந்து வருடம். தன் ஒன்பது வருடத்தை நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஒரு மூங்கில் கால் நெற்றியில் இடித்தது.

அவருடைய பந்தல்.

திரும்பிப் பார்த்தார். குடம் தெரியவில்லை. ஒரு மினுக்கம் தெரிந்தது, விடிவெள்ளி போல.

ஆசிரமத்துக்குத் திரும்பி வந்தவரைச் சமையற்கட்டு வாசலிலேயே சமையல் பார்க்கும் தையல்நாயகி மறித்தாள்.

"கூத்து முடிஞ்சா என் குடத்தைக் குடுக்கச் சொல்லுங்கண்ணே. நாலு நாளா அம்மா நூலும் கையுமா நின்னு, அண்டா குண்டான் ஒண்ணு விடாம அளந்தாச்சு. இது பெருசாம், அது சிறுசாம். சூரியனுக்கு எது இருந்தா என்ன?"

கோதண்டம் அம்மாவிடம் போனார்.

"கடலை சரியா என் பந்தல்காலுக்கு வந்து நிக்குது. அதெப்படிம்மா? குடத்தை வச்ச பிறகுதானே தூரம்?"

"இல்ல. முதல்ல உங்க பந்தல் வரைக்கும் எண்ணிட்டு வந்தேன். நீங்க தண்ணி எடுக்கப் போயிருந்தீங்க."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அந்தத் தூரத்துக்கு ஏத்த குடம் தேடினேன்."

பன்னிரண்டு மணிப் பேருந்து வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

கோதண்டம் துணிப்பையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனார்.