ஓர் அறைக்கு நான்கு பேர்

ஆவாரங்காட்டுப்பட்டியை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கும் வரைபடத்தில் தங்கள் பெயர் வர வேண்டும் என்று ஒருமுறை ஆசை வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில், காலியாக இருந்த இடமாகப் பார்த்துத் தாங்களே பேனாவால் எழுதிவிட்டார்கள். அந்த இடம் கடலில் இருந்தது. ஊருக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று அந்த வருஷம் பூராவும் பயந்துகொண்டே இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து மூன்று பையன்கள் பிளஸ் டூ பாஸ் செய்தார்கள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். வினாத்தாளில் என்ன கேட்டிருந்ததோ அதை மட்டும், எத்தனை வரி கேட்டிருந்ததோ அத்தனை வரி எழுதியிருந்தார்கள். பரீட்சைக்கு அது போதும்.

மூவரில் மூத்தவன் அறிவழகன். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அடுத்தவன் சந்தனக்குமார், எதற்கும் சட்டம் பேசுகிறவன். மூன்றாவது தவசி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவான், மற்றபடி தங்கமான பிள்ளை. மூவருக்கும் டவுன் ஆர்ட்ஸ் காலேஜில் பி.காம் சீட்டு ஒதுக்கியிருந்தார்கள். ஜூலை பத்தாம் தேதி மாலை நாலு மணிக்குள் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் சீட்டு அடுத்தவருக்கு.

மற்ற இருவருக்கும் சீட்டு போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தவசிக்கு அப்படி இல்லை. அவன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த ஆளே கிடையாது. "இந்த வருசம் சேரலைன்னா என்கூடச் செங்கல் சூளைக்கு வந்துரணும்" என்று அவன் மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அவன் அம்மா பவுனுத்தாய் மட்டும், தன் மகன் காலேஜில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மே மாதம் பள்ளிக்கூடத்தில் ஒரு வழிகாட்டி முகாம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார். கல்லூரி வாழ்க்கைக்குத் தயாராவது எப்படி என்று அதில் பத்து அறிவுரைகள் இருந்தன. இது படிப்பதற்கு அல்ல, கடைப்பிடிப்பதற்கு, ஒன்றைக்கூட விடக்கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

முதல் அறிவுரை: அம்மா எழுப்பாமல் தானாக எழுந்து பழகுங்கள்.

மறுநாள் அறிவழகன் ஐந்து மணிக்கே விழித்துவிட்டான். ஆனால் அந்த நேரத்தில் அவன் அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றுச் சத்தத்தில் விழிப்பு வந்திருந்தால் அது அம்மா எழுப்பிய கணக்கில்தானே சேரும்? அதனால் மறுபடி படுத்துக்கொண்டான். அடுத்த விழிப்பு தாளிக்கிற வாசனையில் வந்தது. அதுவும் அம்மா. கடைசியில் யார் தலையீடும் இல்லாமல் அவன் எழுந்தபோது மணி பதினொன்றரை. ஒரு வாரம் கழித்து, இந்தப் பழக்கம் படியும்வரை நீ உன் தங்கச்சி வீட்டில் போய் இரு என்று அம்மாவை ஊருக்கு அனுப்பியும் விட்டான்.

இரண்டாவது: உங்கள் துணியை நீங்களே துவையுங்கள். சந்தனக்குமார் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். சட்டை, கைலி எல்லாம் பொது. தன் துணி என்று அடித்துச் சொல்லக்கூடியது அவனுக்கு ஒரே ஒரு துண்டுதான். அதைத் தினமும் துவைத்தான். ஜூன் மாதக் கடைசியில் அந்தத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டே பேப்பர் படிக்க முடிந்தது.

மூன்றாவது அறிவுரையில்தான் வம்பு ஆரம்பித்தது. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பேர் இருப்பார்கள், இப்போதே அதற்குப் பழகிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது.

தவசி வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் கொட்டகையை அறையாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆள் மூன்று. மூன்று பேராகப் பழகிவிட்டு நாலாவது ஆள் வந்தால் திணறிப்போவோம் என்று அறிவழகன் கவலைப்பட்டான். ஊரில் யாரைக் கேட்டாலும் கொட்டகையில் வந்து படுக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் சந்தனக்குமார் தன் வீட்டு வெள்ளாட்டுக் கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இது ஆடாச்சேடா" என்றான் தவசி.

"நாலு பேருன்னுதான் போட்டிருக்கு. எந்தூரு, என்ன சாதி, என்ன படிச்சிருக்குன்னு பாக்கக் கூடாதுடா. ஹாஸ்டல்ல அதெல்லாம் கேக்கப்படாது" என்றான் சந்தனக்குமார்.

அந்த நியாயத்துக்கு இருவரும் கட்டுப்பட்டார்கள். கிடாய்க்கு நாலாவது ஆள் என்றே பெயர் வைத்தார்கள். அதற்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு நோட்டு ஒதுக்கினார்கள். பாயையும் நோட்டையும் அது முதல் வாரத்திலேயே முடித்துவிட்டது. அறைத் தோழனை அனுசரித்துப் போக வேண்டும் என்று நாலாவது அறிவுரை இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாவது அறிவுரை, எந்த முடிவையும் அறையில் உள்ள எல்லோரையும் கலந்தே எடுங்கள் என்றது. அதன்படி எல்லாவற்றையும் அதையும் கேட்டே செய்தார்கள்.

ஜூலை பத்து வந்தது. பவுனுத்தாய் மகனுக்குத் திருநீறு பூசி, கண் கலங்கி, வழியனுப்பினாள். கிடாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவளுக்கே.

ஐந்தாவது அறிவுரை, தெரியாத ஊருக்குத் தனியாகப் போய்ப் பழகுங்கள் என்பது. ஆகவே மூவரும் தனித்தனியாகப் போனார்கள். ஊருக்கு இருப்பது ஒரே பஸ் என்பதால் அதே பஸ்ஸில்தான் போனார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்கள்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்கள். மூணு பேரும் ஒண்ணா என்று கேட்ட கண்டக்டரிடம், நான் தனி, நான் தனி, நான் தனி என்று மூன்று மூலையிலிருந்தும் பதில் வந்தது. கண்டக்டர் மூன்று டிக்கெட்டைத் தனித்தனியாகக் கிழித்துக் கொடுத்தார்.

உட்கார்ந்ததும் தவசி தூங்கிவிட்டான். காலேஜ் ஸ்டாப் வந்தது. அறிவழகன் எழுந்தான். சந்தனக்குமார் எழுந்தான். தவசி எழவில்லை. இருவரும் அவன் பக்கத்தில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அறிவழகனுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளைத் தொட்டு எழுப்புவது எப்படி? கனத்த மனதோடு இறங்கிவிட்டார்கள். பஸ் தவசியைக் கொண்டுபோய் நாலு கிலோமீட்டர் தள்ளி டிப்போவில் விட்டது.

அவன் வேர்க்க விறுவிறுக்க நடந்து காலேஜ் வாசலுக்கு வந்தபோது மணி மூன்று இருபது. மற்ற இருவரும் பத்தடி தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். ஊருக்குத்தான் தனியாகப் போகச் சொன்னார்கள், ஊர் வந்துவிட்டதால் இனிப் பேசிக்கொள்ளலாம் என்று சந்தனக்குமார் தீர்ப்புச் சொன்ன பிறகு மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் வசந்தகோகிலம் என்ற அம்மா இருந்தார். இருபது வருஷமாகப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறவர். அழுகிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை, அப்பாவைத் தொலைத்த பிள்ளை எல்லாம் பார்த்தவர். ஆவாரங்காட்டுப்பட்டியை மட்டும் பார்த்ததில்லை.

அவர் டி.சி., மார்க் ஷீட் கேட்டார். அறிவழகன் ஜெராக்ஸ் கொடுத்தான். ஒரிஜினல் கொடுங்க தம்பி என்றார். இன்னொரு ஜெராக்ஸ் கொடுத்தான். ஒரிஜினல் என்றார் மறுபடியும். கலர் ஜெராக்ஸ் கொடுத்தான். நகல் தேவையான அளவு வைத்திருங்கள் என்று எட்டாவது அறிவுரையில் இருந்ததால் ஆளுக்கு நாற்பது கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மா கேட்கக் கேட்க மேசையில் குவியல் ஏறியது.

"ஒரிஜினல் இல்லையா தம்பி உங்ககிட்ட?"

"இருக்கு மேடம்." ஃபைலை நெஞ்சோடு அணைத்துக் காட்டினான்.

"அப்ப குடுங்க."

சந்தனக்குமார் நோட்டீஸை விரித்து ஏழாவது அறிவுரையை அவருக்குப் படித்துக் காட்டினான். அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

காலேஜில் கேட்டால் கொடுக்கலாம் என்று அந்த அம்மா சொல்லிப் பார்த்தார். யாரிடமும் என்றால் அதில் காலேஜும் சேர்ந்ததுதானே என்று இவர்கள் பணிவாகக் கேட்டார்கள். மணி மூன்று நாற்பது. பின்னால் காத்திருப்போர் பட்டியலில் இருந்த மூன்று பேர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

தவசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "குடுத்துரலாம்டா. எங்கம்மா பாவம்டா" என்றான்.

"இத்தன நாளு ஒண்ணு விடாமக் கடைப்பிடிச்சிட்டு, கரை ஏறுற நேரத்துல விட்டா எப்பிடிடா?" என்றான் அறிவழகன்.

சந்தனக்குமார் கையை உயர்த்தினான். "ஒன்பதாவதை மறந்துட்டீங்க. அறையில இருக்க நாலு பேரையும் கேக்கணும்."

தவசி அவசரமாகத் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். "அம்மா, போனை நாலாவது ஆள்கிட்ட குடு" என்றான். பவுனுத்தாய் மறுபேச்சு இல்லாமல் கொட்டகைக்குப் போய்க் கிடாயின் காதில் போனை வைத்தாள். தவசி நிலைமையை ஆதியோடு அந்தமாக விளக்கினான். மறுமுனையில் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

"யோசிக்குது" என்றான் சந்தனக்குமார்.

ஐந்து நிமிஷம் யோசித்தது. வசந்தகோகிலம் யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் அறைத் தோழன், ஆடு என்றான் அறிவழகன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மணி மூன்று ஐம்பத்தாறு. தவசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, உட்கார்ந்தும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த முகத்தைப் பார்த்த வசந்தகோகிலத்துக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "தம்பிகளா, நீங்க யாருக்கும் குடுக்க வேணாம். மேசை மேல வச்சிட்டு, திரும்பி அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு நில்லுங்க. நானே எடுத்துக்கறேன்."

மூவரும் நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். மேசை மேல் வைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சுவரைப் பார்க்கக் கூடாது என்றும் இல்லை. ஃபைல்களை வைத்துவிட்டுத் திரும்பி நின்றார்கள். முத்திரை விழும் சத்தம் மூன்று முறை கேட்டது. அப்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. தவசி சுவரைப் பார்த்தபடியே தேம்பித் தேம்பி அழுதான், அவ்வளவு சந்தோஷம்.

கிளம்பும்போது அந்த அம்மா நல்ல மனசோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். வருகை எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் பேரை அடித்துவிடுவார்கள் என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஹாஸ்டலுக்குக் கிடாயையும் கூட்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு வந்தது என்று நினைத்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அறையில் நான்கு பேர். நான்கில் மூன்று எழுபத்தைந்து சதவீதம். ஆகத் தினமும் மூன்று பேர் வகுப்புக்குப் போக வேண்டும், ஒருவர் அறையில் இருக்கலாம். யார் யாருக்கு என்றைக்கு விடுப்பு என்று அட்டவணை எழுதிக் கதவில், கிடாய்க்கு எட்டாத உயரத்தில் ஒட்டினார்கள். யாரையும் ஏமாற்றவில்லை, முறை மாறாமல் நடந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பவுனுத்தாய் மகனைப் பார்க்கப் புறப்பட்டு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முன்பெஞ்சில் அறிவழகன், சந்தனக்குமார், நடுவில் கிடாய். முன்கால் இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றது. மற்ற பிள்ளைகள் இது ஏதோ சீனியர்கள் செய்யும் வேலை என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. பேராசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், தவசி என்றார். சந்தனக்குமார் வாலைக் கிள்ளினான். கிடாய் குரல் கொடுத்தது. பேராசிரியர் டிக் போட்டார்.

பவுனுத்தாய் ஜன்னல் கம்பியை விட்டாள். பிறகு விறுவிறுவென்று ஹாஸ்டலுக்குப் போனாள். தவசி போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை உருவி முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏன்டா, உன்ன எதுக்குடா காலேஜுல சேத்தது? அங்க போயிப் பாரு, அந்த ஆடு எம்புட்டு ஒழுங்கா முன்னாடி நின்னு கவனிக்குதுன்னு. உனக்கு என்னடா கேடு?"

தவசி கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவில் இருந்த அட்டவணையைக் காட்டினான். "இன்னைக்கு என் முறைம்மா. நாளைக்கு அதுக்குத்தான் லீவு, நான் போயிருவேன்."

பவுனுத்தாய் அட்டவணையை மேலும் கீழும் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "அப்ப இன்னைக்கு நடத்துனத யாருகிட்டடா கேட்டுப் படிப்ப?" என்றாள்.

"சாயங்காலம் அது வந்ததும் நோட்டு வாங்கிக்குவேம்மா" என்றான் தவசி.

"அத முதல்ல செய்யி" என்றாள் பவுனுத்தாய். "போன தடவ கொட்டகையில தின்ன மாதிரி, இதையும் அது தின்னு முடிக்கிறதுக்குள்ள வாங்கிரு."