சிங்காரவேளார் ஏறிய உத்தரம்

வெகு காலத்திற்கு முன்பு ஏழுகுன்ற நாட்டை வல்லபதேவன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் இட்ட ஆணையை மாலையில் மறப்பான். ஊஞ்சல் ஆசையை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. புதிய ஊஞ்சல் மண்டபத்திற்கு உறுதியான உத்தரம் தேர்ந்து தருமாறு பெருந்தச்சர் உலகளந்தாரைப் பணித்தான்.

தச்சரின் புகழைக் கேட்டாலே சிங்காரவேளார் என்னும் பிரபுவுக்கு வயிறு எரியும். அவர் தம் தோப்பு மரமொன்றைக் கண்ணாடிபோல் இழைத்து, பட்டுப் போர்த்தி அவைக்குக் கொண்டுவந்தார்.

உலகளந்தார் அதைத் தட்டிப் பார்த்தார். "அரசே, இது உத்தரத்திற்கு ஆகாது. நடுவே, அடிப்பக்கத்தில், பெரிய கணு இருக்கிறது. மெழுகும் மரத்தூளும் குழைத்து மறைத்திருக்கிறார்கள். என் தேர்வு அதோ, அந்தக் கறுத்த மரம்."

"அதுவா? அதை அடுப்பில் வைத்தால் நெருப்பே முகஞ்சுளிக்கும்!" என்றார் சிங்காரவேளார்.

அவை சிரித்தது, அரசனும் சிரித்தான். "தச்சரே, என் மனம் பளபளப்பில் விழுந்துவிட்டது. குறை உண்டென்றால் மெய்ப்பியும். ஆனால், மரத்தில் உளி படக்கூடாது. தவறினால் நாட்டைவிட்டு நடையைக் கட்டும்!"

உலகளந்தார் தம் உளியைக் கீழே வைத்தார். முப்பது ஆண்டுகளாகப் பார்த்த வேலை. உளி இல்லாமல் எப்படி? பிறகு, 'பாரம் ஏற்றினால் மரமே சொல்லிவிடுமே!' என்று தோன்றியது.

இரு மரங்களின் முனைகளையும் கற்களின்மேல் ஏற்றினார். முனைக்கு முனை நூல் கட்டினார். "அரசே, இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். ஒரே பாரத்தை நடுவில் வைப்போம். நூலைவிட்டு அதிகம் தாழ்வதே வலுக்குறைந்தது. பாரம்தான் வேண்டும்."

அரசன் சிங்காரவேளாரின் தொந்தியை நோக்கினான். "பாரம் அவையிலேயே இருக்கிறது."

கறுத்த மரத்தில் அவர் அமர்ந்தார். அது அரை விரற்கடை தாழ்ந்தது.

"இனி உங்கள் மரம், பிரபுவே!" என்றார் உலகளந்தார்.

"இன்று எனக்கு மூட்டுவலி..."

"உட்காருவதற்கு மூட்டு எதற்கு? ஏறுமய்யா!" என்றான் அரசன்.

ஏறினார். ஒரு விரற்கடை, இரண்டு, மூன்று... மரம் முனகியது.

"ஐயோ, இறக்குங்கள்! கணுவின் மேலேயே உட்காரவைத்துவிட்டீர்களே!"

"எந்தக் கணு, பிரபுவே?" என்றான் அரசன்.

சிங்காரவேளார் அவசரமாக மரத்தைவிட்டு இறங்கினார்.

அரசன் தன் பொற்காப்பைக் கழற்றித் தச்சருக்கு அணிவித்தான். "இந்த மரத்தை எரித்துவிடலாமா?"

"வேண்டாம், அரசே. தரம் பார்ப்பது மரத்தைத் தள்ளுவதற்கன்று, அதற்குரிய இடத்தைச் சொல்வதற்கு. கிடத்தினால்தான் இது வளையும். கணுவை நீக்கி, குட்டையாக அறுத்து நிறுத்தினால் நல்ல தூணாகும்."

"அப்படியானால் பிரபுவுக்கும் அதே தரம். மண்டப வாயிலில், அந்தத் தூணருகே, ஒரு மாதம் நிமிர்ந்து நிற்கட்டும்!"

கறுத்த உத்தரத்தில் கட்டிய ஊஞ்சலில் அரசன் ஆனந்தமாக ஆடினான். தண்டனையின் மூன்றாம் நாள் கால் கடுத்த சிங்காரவேளார், எவரும் பாராத வேளையில், தூணின்மேல் மெல்லச் சாய்ந்தார்.

அது முனகாமல் தாங்கியது.