நாலு கண்ணன் பார்த்த நிரல்

“கண்ணாடியைக் கழட்டாதடா அம்பலவாணா! ரெண்டு கண்ணு கொறஞ்சிடும்” என்று சேவற்கொடி கத்தினான்.

மூக்கைச் சொறியத்தான் அம்பலவாணன் கழற்றப் பார்த்தான். சொறியாமலே நிரலைப் படித்தான்.

ஊர்க் குழாய்களில் தண்ணீர் வரும்போது கைப்பேசியில் மணி அடிக்கும் செயலியை இயக்கும் நிரல் அது. எட்டு நாளைக்கு ஒருமுறை, நேரம் மாறி மாறி வரும் தண்ணீருக்கு ஊரே அதைத்தான் நம்பியிருந்தது. கட்டற்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் கோயம்புத்தூர் திலகவதி மேடம் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் திருத்தம் உள்ளே போகும். பிரசவ விடுப்பில் போகுமுன் மேடம் எழுதியிருந்தார்: “நாலு கண் பார்க்காமல் எதையும் சேர்க்காதீர்கள். ஆழமாகப் பாருங்கள்.”

“நம்மள்ல நாலு கண்ணன் இவன் ஒருத்தன்தான். பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான கூப்பிட்டோம்” என்றான் இருதயராஜ்.

ஆழத்துக்காக மூவரும் வற்றிய கிணற்றுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மணியோசையை நாதஸ்வரமாக்கிய சேவற்கொடியின் திருத்தம் முப்பதடி ஆழத்தில் ஏற்கப்பட்டது. மேலே ஏறும்போது அம்பலவாணனின் கண்ணாடி விழுந்து ஒரு பக்கம் உடைந்தது.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊரெங்கும் நாதஸ்வரம் ஒலித்தது. குடங்களோடு ஓடிவந்து குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது. தண்ணீர் காலை ஆறுக்கே வந்து போயிருந்தது.

“இன்னொரு தடவை தண்ணி தவறட்டும், குடத்தை எடுத்துக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். குடமும் திரும்பி வராது” என்றாள் இருதயராஜின் மனைவி செல்வராணி.

மேடத்துக்குச் செய்தி போனது. இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “பதினேழாவது வரியில் ‘காலை’ இருந்த இடத்தில் ‘மாலை’ இருக்கிறது. மாற்றுங்கள். யாரய்யா இதைப் பார்த்தது?”

“நாலு கண்ணும் பார்த்தது மேடம்” என்று பணிவாக எழுதினார்கள்.

“மாத்திடலாம். ஆனா இவனுக்கு இப்ப மூணு கண்ணுதான” என்றான் சேவற்கொடி.

“நீயும் சேர்ந்து பாரேன்” என்றான் இருதயராஜ்.

“அஞ்சாயிடுமேடா.”

“ஒண்ணைப் பொத்திக்க.”

“எதை?”

அதை முடிவுசெய்ய ஏழு நாள் ஆனது.

எட்டாம் நாள் காலை இருதயராஜ் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். இம்முறை மேடம் ஆழம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செல்வராணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சேவற்கொடி வலக்கண்ணைப் பொத்திக்கொண்டான். இருதயராஜ் விரல் நீட்டி எண்ணினான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு…”

முற்றத்துக் குழாய் சீறிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது.

“மொதல்லேருந்து எண்ணுடா” என்றான் அம்பலவாணன்.

இருதயராஜ் எழுந்துபோய்க் குழாயை இறுக மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.