சீந்தில் கொடி கூப்பிடுவதை விட்ட கதை

செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், சால்வீன் ஆற்றுக்கு மேலே கரேன் மக்கள் வாழும் மலைகளில் வைத்தியம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தேவைப்படவும் இல்லை. நோயாளி காட்டுக்குள் நுழைந்தால் போதும், வயிற்றுவலிக்கு நான், வெட்டுக்காயத்துக்கு நான் என்று செடிகளே கூப்பிடும். காய்ச்சல்காரர்களைச் சீந்தில் கூப்பிடும். அன்று அது மண்ணில் வேர்விட்டுத் தரையோடு படர்ந்த கொடி. தண்டு கரும்புபோல இனிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் மலையெங்கும் காய்ச்சல் கண்டது. கூப்பிட்ட குரலைக் கேட்டு வந்தவர்கள் வேண்டியதற்கு மேலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். இனிப்புக்காக மான் மேய்ந்தது, பன்றி வேரைக் கிளறியது. சீந்தில்களுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஆனாலும் காய்ச்சல்காரரைக் கண்டால் கூப்பிடாமலிருக்க அவற்றால் முடியவில்லை.

நாவ் முகே என்றொரு பெண். கணவனை அந்தக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். ஊரில் எழுந்து நடமாடியது அவள் மட்டும்தான் என்பதால், வீடு வீடாக மருந்து காய்ச்சிக் கொடுத்ததும் அவள்தான். கடைசியில் அவள் மகள் ஏபோ படுத்தாள். முகேவுக்கும் உடம்பு கொதித்தது. வாயெல்லாம் கசந்தது. மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

ஒரேயொரு சீந்தில் மிஞ்சியிருந்தது. அதுவும் ஒரு முழம்தான்.

"எடுத்துக்கொள். எனக்கும் போதுமென்று ஆகிவிட்டது" என்றது அது.

முகே அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முழுவதையும் எடுத்தால் தாயும் மகளும் பிழைக்கலாம். அதற்குப் பிறகு காய்ச்சல் வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது. வெட்டக் கத்தி எடுத்துவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து, கொடியைப் பல்லால் கடித்துப் பாதியாக்கினாள். காய்ச்சல் வாயின் கசப்பு அந்தக் கடிவாயில் இறங்கி, இரண்டு துண்டிலும் ஏறியது.

ஒரு பாதியை மடியில் கட்டிக்கொண்டாள். மறுபாதியை மண்ணிலிருந்து பிடுங்கி, மானும் பன்றியும் எட்டாதபடி எம்பி மரக்கிளையில் போட்டாள்.

"இனி யாரையும் கூப்பிடாதே. ஓய்வெடு. வேண்டுமென்றால் நாங்கள் தேடி வருகிறோம்."

"தேடியும் கிடைக்காவிட்டால்?"

முகே தடியை ஊன்றி வீட்டுக்குத் திரும்பினாள். பக்கத்திலிருந்த செடிகளெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

கசந்த கஷாயத்தை முகம் சுளித்துக் குடித்த ஏபோ தேறினாள். அவள் எழுந்தபோது முகே படுத்துவிட்டாள். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னாள். சொல்லி முடிக்கத் தெம்பில்லை. எந்த மரம் என்பதும் அவளுக்கு நினைவில்லை.

ஏபோ காட்டுக்குள் நின்று கூப்பிட்டாள். எந்தச் செடியும் பேசவில்லை. வேறு வழி தெரியாமல், கண்ணில் பட்ட இலையையெல்லாம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். ஒன்று நாக்கை மரத்துப்போகச் செய்தது. ஒன்று குமட்டியது. வேறொன்று அவளுக்கு இரண்டு நாளாக இருந்த வயிற்று எரிச்சலை அடக்கியது. தின்றாள், துப்பினாள், நடந்தாள். மறுநாளும் போனாள். காட்டில் பாதியை நாக்கால் தெரிந்துகொண்ட பிறகுதான், ஒரு கிளையிலிருந்து நூல் நூலாகப் பச்சை வேர் தொங்குவதைக் கண்டாள். கிளைமேல் கொடி நீண்டு படர்ந்திருந்தது. நுனியைக் கடித்தாள். காய்ச்சலில் கிடந்தபோது வாயிலிருந்த அதே கசப்பு.

"அம்மாவுக்கு வேண்டும். எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

முகே பிழைத்தாள். பழைய பலம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து, மகள் கொண்டுவருகிற இலைகளைப் பிரித்து வைப்பதுதான் அவளால் முடிந்தது.

சீந்தில் கசப்பதும், அறுத்துப் போட்டாலும் சாகாமல் மரத்திலிருந்து வேர் இறக்குவதும் அன்றிலிருந்துதான். பதில் வராதென்று தெரிந்தும், அந்த மலைகளில் மருந்து பறிக்கப் போகிறவர்கள் செடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பதும் அன்று முதல்தான்.