வாசலை அகலமாக்கச் சொன்ன ஈசல்

ஏரிக்கரையில் ஒரு கறையான் புற்று இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதில் முந்நூறு பேருக்கு இறக்கை முளைத்தது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீதி ஒருவன்தான் மினுக்கன்.

முந்தாநாள் வரை அவனும் மண்ணில் ஊர்ந்தவன்தான். வேலைக்காரக் கறையான்கள் சருகை மென்று வாயில் ஊட்டிவிட்டால்தான் அவனுக்குச் சாப்பாடு. இறக்கை வந்ததும் நடையே மாறிவிட்டது. குறுகலான வழியில் எதிரே யாராவது வந்தால், "பார்த்து வாங்கப்பா, கசங்கிடும்" என்பான்.

வேலைக்காரக் கறையான்களுக்குக் கண் கிடையாது. அது தெரிந்தும் ஒவ்வொருவர் முன்னாலும் போய் இறக்கையை விரித்துக் காட்டினான்.

"எப்படி இருக்கு?"

"என்னது?" என்றான் கட்டையன். தினமும் மினுக்கனுக்கு ஊட்டிவிடுகிறவன் அவன்தான்.

"என் இறக்கைப்பா. கண்ணாடி மாதிரி இருக்கு."

கட்டையன் தடவிப் பார்த்தான். "சருகு மாதிரி இருக்கு. தின்ன முடியுமா?"

"உன்கிட்டப் போய்க் காட்டினேன் பாரு."

கட்டையன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஈரமண்ணாப் பார்த்து இறங்கு. இறங்கினதும் அதை உதறிப் போட்டுடு. ஜோடி சேர்ந்து குழி தோண்டி, வெயில் வர்றதுக்குள்ள உள்ள போய் வாசலை அடைச்சிடு. வெயில் வந்தா ஓணானும் வந்துடும். நம்ம வழக்கம் இதுதான்" என்றான்.

"உதறிப் போடவா! முளைச்சு மூணு நாள்கூட ஆகல!"

மினுக்கனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கண் இல்லாதவன் பொறாமையில் பேசுகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. விடிந்ததும் கட்டையனும் மற்றவர்களும் புற்றில் ஓட்டை போட்டு, இறக்கை உள்ளவர்களை எல்லாம் வெளியே தள்ளினார்கள்.

மினுக்கன் பறந்தான். பறந்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். காற்று தள்ளிய பக்கம் போனான். எருக்கஞ்செடியில் முட்டினான். ஒரு மாட்டின் காதில் உட்கார்ந்தான். மாடு காதை ஆட்டியதும் உருண்டான். கடைசியில் ஈரமண்ணில் மல்லாக்க விழுந்தான். எழுந்து, "நல்ல இடமாப் பார்த்துத்தான் இறங்கியிருக்கேன்" என்று தன்னையே பாராட்டிக்கொண்டான்.

அங்கே பக்கத்துப் புற்றுக்காரி செவந்தி, இறக்கையை உதறிவிட்டுத் தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே மினுக்கனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இவளோடு சேர்ந்தால் நாளைக்கு ஒரு புற்றுக்கே ராஜா. சேராவிட்டால் பொழுது சாய்வதற்குள் சாவு. அது அவனுக்கும் தெரியும்.

"வாங்க. அதை உதறிட்டு ஒரு கை கொடுங்க. மேகம் கலையுது" என்றாள் செவந்தி.

"நீ தோண்டு புள்ள. எனக்கு இறக்கையில மண் பட்டுடும்."

செவந்தி தோண்டினாள். மினுக்கன் மேட்டில் நின்று இறக்கையைக் காயவைத்தான். சுற்றிலும் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

குழி தயாரானதும் செவந்தி உள்ளே போனாள். பின்னாலேயே மினுக்கன் தலையை நுழைத்தான். தலை போயிற்று. இறக்கை போகவில்லை.

"வாசலைக் கொஞ்சம் அகலமாக்கு புள்ள."

"எதுக்குங்க?"

"என் இறக்கை நுழைய வேண்டாமா?"

"இறக்கை நுழையற வாசல்ல ஓணான் தலையும் நுழையுங்க. உதறிட்டு வாங்க. ஒரே உதறுதான்."

மினுக்கன் தோளைக் குலுக்கிப் பார்த்தான். ஓர் இறக்கை லேசாகக் கழன்று ஆடியது. பதறிப்போய் நிறுத்திவிட்டான். இது போனால் தான் மறுபடியும் வெறும் கறையான் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்தது. அந்த அழுகையிலும், வெளிச்சத்தில் இறக்கை எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

மேகம் விலகி வெயில் அடித்தது. வேலிக்கல் மேல் ஓர் ஓணான் ஏறி உட்கார்ந்து தலையை ஆட்டியது.

"பாரு புள்ள, ஓணான்கூட மெச்சித் தலையாட்டுது!"

அந்த நேரத்தில் உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒருவன் இறக்கை இல்லாமல் ஓடிவந்தான். "உள்ள இடம் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு, வாங்க" என்றாள் செவந்தி.

சேற்றுக்காரன் உரசினால் இறக்கை கசங்கிவிடும் என்று மினுக்கனே விலகி வழிவிட்டான். வந்தவன் உள்ளே போனான். செவந்தி மண்ணை உருட்டி வாசலை அடைக்கத் தொடங்கினாள்.

"அப்போ நான்?"

"நீ அங்கேயே நின்னு காட்டிக்கிட்டு இரு."

வாசல் மூடிக்கொண்டது. மண்ணோடு மண்ணாக இருந்திருந்தால் ஓணான் கண்ணில் பட்டிருக்க மாட்டான். வெயிலில் இறக்கை பளபளத்தது. ஓணான் ஒரே தாவாகத் தாவிக் கவ்வியது. உடம்பைத் தின்றுவிட்டு இறக்கையைத் துப்பியது.

"சருகு" என்றது ஓணான்.

நான்கு இறக்கைகளும் கசங்காமல் மண்ணில் கிடந்தன.

ஒரு வேலைக்காகக் கிடைத்ததை, அந்த வேலை முடிந்த பிறகும் பெருமைக்காகச் சுமந்து திரிகிறவன் அதனாலேயே அழிவான்.